அத்தியாயம் 7: சான்றிதழின் விலையும் பணியாளரின் விலையும்

நெட்டுக்குப்பத்திலோ அதைப் போன்ற இன்னொரு குப்பத்திலோ உள்ளூர்ப் பெண்கள் பத்துப் பேரைச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கலாம் என்று மகளிர் குழு முடிவெடுத்தால், முதல் கூட்டத்திலேயே எழும் கேள்வி "கோர்ஸுக்கு ஃபீஸ் எவ்ளோக்கா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது எளிது. தேர்வுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் மொத்தச் செலவில் நூற்றுக்கு ஆறு ரூபாயைத் தாண்டுவதில்லை. மீதி 94 ரூபாய் எங்கே போகிறது, அதை யார் தருவது, தராவிட்டால் யார் தலையில் விழும் என்பதைத்தான் இந்த அத்தியாயம் கணக்குப் போட்டுப் பார்க்கிறது.

கணக்கைத் தொடங்கும் முன் ஊரைக் கொஞ்சம் பார்ப்போம். நெட்டுக்குப்பம் எண்ணூரின் வடகோடியில், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையம், அதற்கப்பால் 2001இல் செயல்படத் தொடங்கிய காமராசர் துறைமுகம். கத்திவாக்கம் நகராட்சியாக இருந்த பகுதி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இப்போது இது திருவொற்றியூர் மண்டலத்தில் அடங்கும். அதாவது காகிதத்தில் இது மாநகரம். கிராமங்களுக்கென்று வந்த திட்டங்கள் பல இங்கே எட்டாது. பயிற்சிக்குப் பணம் தேடுகிறவர்கள் இதை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். ஊரகத் திட்டம் ஒன்றின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு அலைந்து, கடைசியில் "நீங்க கார்ப்பரேஷன்லம்மா வர்றீங்க" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் நிறைய.

எந்தச் சான்றிதழ், எந்தக் கதவு

ஒரு சான்றிதழ் எந்த வேலைக்குக் கதவு திறக்கும் என்று தெரியாமல் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. இந்த வட்டாரத்துப் பெண்கள் முன் இருக்கும் வழிகள் இவை.

முதலாவது அரசின் தன்னார்வலர் வழி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். தொற்றாநோய்த் தடுப்புப் பணிக்காக 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருது பெற்ற திட்டம் இது. பயிற்சி அரசுடையது, பெண்ணுக்குச் செலவில்லை. தொடங்கியபோது மாத ஊக்கத்தொகை 4,500 ரூபாய். இங்கே சான்றிதழ் பெரிய விஷயமில்லை, தேர்வாவதுதான் விஷயம். குழுவின் வரவு செலவுப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா, பகுதியின் நகர்ப்புறச் செவிலியருக்கு உங்கள் குழுவைத் தெரியுமா என்பவைதான் நுழைவுச்சீட்டு. இடம் காலியாகும்போது மட்டுமே வாய்ப்பு என்பதால், இதை மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது.

ஆஷா பணியாளர்களைப் பற்றியும் கேட்பார்கள். 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஏற்பாடு அது. தமிழ்நாட்டில் கிராமச் சுகாதாரச் செவிலியர் அமைப்பு முன்பே வேரூன்றியிருந்ததால், ஆஷாக்கள் பெரும்பாலும் மலைக் கிராமங்களிலும் எளிதில் எட்ட முடியாத இடங்களிலும்தான் இருக்கிறார்கள். எண்ணூருக்கு அந்த வழி இல்லை. ஆனால் அவர்களின் பயிற்சிக் கணக்கு நமக்கு உதவும், பிறகு வருகிறேன்.

இரண்டாவது, திறன் மேம்பாட்டு வழி. பொதுப் பணி உதவியாளர், வீட்டு நோயாளர் உதவியாளர் போன்ற பணிகளுக்கு மத்திய அரசின் திறன் திட்டங்கள் வழியாகவும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் வழியாகவும் இலவசப் பயிற்சி கிடைக்கும். சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சில் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும். மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்கு இது செல்லும்.

மூன்றாவது, முதலுதவிச் சான்றிதழ். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் தருகின்றன. சில நாள் பயிற்சிதான், செலவும் குறைவு. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். தனியாக இதை வைத்து வேலை கிடைக்காது. ஆனாலும் இந்த ஊருக்கு இது கட்டாயம் வேண்டும். காரணம் கீழே.

நான்காவது துணைச் செவிலியர் படிப்பு. பிளஸ் டூ முடித்து இரண்டு ஆண்டு படித்து, செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்வது. அது வேறு தொழில், வேறு கணக்கு. மகளிர் குழுவின் நிதியில் அடங்காது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. சுவரொட்டியில் வருவது: "ஆறு மாதத்தில் நர்ஸ் ஆகலாம்". கட்டணம் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று போகும். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். சான்றிதழில் கையெழுத்திடுவது யார்? அந்த அமைப்பைச் செவிலியர் கவுன்சிலோ, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்போ, பல்கலைக்கழகமோ ஏற்றிருக்கிறதா? "அரசு பதிவு பெற்றது" என்று மட்டும் சொன்னால், அது வெறும் அறக்கட்டளைப் பதிவாகவோ சங்கப் பதிவாகவோ இருக்கலாம். நம் குழுவும்தான் பதிவு பெற்றிருக்கிறது. அதற்காக நாம் நர்ஸ் சான்றிதழ் கொடுத்துவிட முடியுமா?

இவற்றில் துணைச் செவிலியர் படிப்பைத் தவிர வேறெதை வாங்கினாலும் ஊசி போடவோ, குளுக்கோஸ் ஏற்றவோ, மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கவோ அனுமதி கிடையாது. பயிற்சியின் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். குப்பத்தில் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி "ஒரு ஊசி போட்டு விடும்மா" என்று கேட்பார்கள். அப்போது மறுப்பதற்கும் பயிற்சி தேவை.

இலவசப் பயிற்சி ஏன் ஆளைக் கொண்டுபோகிறது

திறன் திட்டங்களின் பணம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். 2015 ஜூலையில் மத்திய அரசு எல்லாத் திறன் திட்டங்களுக்கும் பொதுவான செலவு விதிகளை அறிவித்தது. பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்குத் துறையைப் பொறுத்து 38.50, 33, 27.50 ரூபாய் என்று மூன்று விகிதங்கள். 240 மணி நேரப் படிப்பு என்று வைத்துக்கொண்டால் 6,600 முதல் 9,240 ரூபாய் வரை. தேர்வுக்கு ஒருவருக்கு 600 முதல் 1,500 ரூபாய் தனி. விகிதங்கள் பின்னர் உயர்த்தப்பட்டன. நீங்கள் போகும் மையத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விகிதத்தைவிட முக்கியம், பணம் எப்போது கைக்கு வருகிறது என்பது. 2015ஆம் ஆண்டின் அந்த விதிகளின்படி பயிற்சி தொடங்கியதும் 30 விழுக்காடு, முடித்துச் சான்றிதழ் வாங்கியதும் 50 விழுக்காடு, கடைசி 20 விழுக்காடு மாணவர்கள் வேலையில் அமர்ந்தால்தான். தேர்ச்சி பெற்றவர்களில் 70 விழுக்காட்டினரை வேலையில் அமர்த்தியிருக்க வேண்டும். மையத்துக்காரர் தினமும் விரல்ரேகை வைக்கச் சொல்வதும், படிப்பு முடியும் முன்பே "அண்ணா நகர்ல ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் ஃப்ரீ" என்று அழைப்பதும் இதனால்தான். அவர் மேல் தப்பில்லை. இந்த முறையில் நடக்கும் திட்டத்தில் அவருக்கு மீதிப் பணம் அப்படித்தான் வரும்.

ஆனால் உங்கள் நோக்கம் குப்பத்துக்குள் வேலை செய்யும் ஆள். பத்துப் பேரை இந்த வழியில் அனுப்பினால், நன்றாகப் படித்த நான்கைந்து பேர் நகரத்து மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அது நல்லது, மாதச் சம்பளம் வருகிறது. போக வேண்டாம் என்று தடுக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. அது ஒரு வேலைவாய்ப்புத் திட்டம் என்று தெரிந்தே அதைச் செய்யுங்கள். குப்பத்துக்கான சுகாதாரத் திட்டத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. பல ஆண்டுகள் அங்கன்வாடி உதவியாளராகவோ, பிரசவத்துக்குத் துணை நிற்பவராகவோ, காசநோயாளிகளுக்கு மாத்திரை கொடுப்பவராகவோ இருந்த மூத்த பெண்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்ற குறுகிய வழி இருக்கிறது: தெரிந்ததைச் சோதித்துச் சான்றளிப்பது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் இப்படித்தான். அங்கே சமூகச் சுகாதாரப் பணியாளர் சான்றிதழுக்கு 160 மணி நேரப் பயிற்சி. அல்லது அண்மை ஆண்டுகளில் ஆயிரம் மணி நேரம் களத்தில் உழைத்ததற்கான ஆதாரம். விண்ணப்பக் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 20 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நாற்பத்தைந்து வயது பெண்மணியை மறுபடி வகுப்பில் உட்காரவைத்து "ரத்த அழுத்தம் என்றால் என்ன" என்று ஆரம்பிப்பதைவிட இது மரியாதையானது, மலிவானதும்கூட.

கணக்கு

இனி குப்பத்திலேயே நடத்தும் பயிற்சி. எத்தனை நாள்? ஆஷாக்களுக்கு முதலில் வகுத்த பாடத்திட்டத்தில் முதல் ஐந்து தொகுதிகளுக்கு 23 நாள். ஆறாம் ஏழாம் தொகுதிகளுக்கு ஐந்து ஐந்து நாளாக நான்கு சுற்றில் இன்னும் 20 நாள். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் 1970இல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதி தொடங்கிய திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் வாரந்தோறும் மையத்துக்கு வந்து படித்தார்கள், ஆண்டுக்கணக்கில். ஒரேயடியாக ஒரு மாதம் அடைத்துவைப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு நாள் என்று நீட்டுவதே கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒத்துவரும். நான் சொல்வது 12 வாரம், 24 நாள்.

நேரத்தையும் ஊர்தான் முடிவு செய்யும். மீன் விற்கும் பெண்கள் விடியும் முன்பே காசிமேட்டு ஏலத்துக்குப் போய்விடுவார்கள், மத்தியானம்தான் வீடு. தண்ணீர் லாரி வரும் நேரம் இருக்கிறது, பள்ளிக்கூடம் விடும் நேரம் இருக்கிறது. ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை கிடைக்கும். ஆலைகளில் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் நிலைமை வேறு: "ரெண்டு நாள் லீவு போட்டா மூணாவது நாள் என் இடத்துல வேற ஆள் நிக்கும்க்கா." இவர்களுக்கு ஞாயிறு வகுப்பு வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுக்குக் கூலிக்குப் போகும் வீடுகளில் அப்போது பணமுடை, பெண்ணின் கூலிதான் அடுப்பெரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தையிலிருந்து பங்குனி வரை உள்ள மூன்று மாதம்தான் வசதி.

பத்துப் பெண்களுக்கான மாதிரிக் கணக்கு கீழே. தொகைகள் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் ஊரின் கூலியையும் விலையையும் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

இழக்கும் கூலிக்கு ஈடு: ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 வீதம் 24 நாள் – 96,000
பயிற்றுநர் மதிப்பூதியம்: நாளுக்கு 1,500 – 36,000
சாப்பாடும் டீயும்: 12 பேருக்குத் தலைக்கு 120 – 34,560
கருவிப் பை: இருவருக்கு ஒன்று வீதம் ஐந்து, பை 5,500 – 27,500
தேர்வுக் கட்டணம்: தலைக்கு 1,000, மறுதேர்வு எழுத மூவர் – 13,000
பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா: நாளுக்கு 400 – 9,600
மருத்துவமனைக்கும் வெளியிடங்களுக்கும் நான்கு நாள் பயணம்: தலைக்கு நாளுக்கு 100 – 4,000
பதிவேடு, படத்தாள், நகல் – 3,000

மொத்தம் 2,23,660 ரூபாய். தலைக்கு 22,366. இதில் தேர்வுக் கட்டணத்தின் பங்கு 13,000 மட்டுமே.

முதல் வரியைத்தான் எல்லோரும் வெட்டுவார்கள். "நம்ம ஊருக்காகத்தானே வர்றாங்க, அவங்களுக்கு எதுக்குக் கூலி?" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். வெட்டினால் அந்தச் செலவு மறைந்துவிடாது. அந்த 96,000 ரூபாயைப் பத்து ஏழை வீடுகள் கட்டும். மூன்றாம் வாரம் வருகை ஆறாகக் குறையும். நிலைத்து வருபவர்கள் கூலிக்குப் போகத் தேவையில்லாத வீட்டுப் பெண்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் திறமை உண்டு, ஆனால் ஆற்றோரத்துக் கடைசித் தெருவுக்கு அவர்கள் தினமும் போவார்களா என்பது வேறு கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2018இல் சமூகச் சுகாதாரப் பணியாளர்களுக்கென வெளியிட்ட வழிகாட்டுதலும் வேலைக்கேற்ற ஊதியம், எழுத்துவழி ஒப்பந்தம், திறனைச் சோதித்துச் சான்றளித்தல் மூன்றையும் பரிந்துரைக்கிறது. திருமணமானவரா என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. "கல்யாணம் ஆகாத பொண்ணு, நாளைக்கு வேற ஊருக்குப் போயிடும்" என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயணச் செலவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஸ்டான்லி மருத்துவமனைக்கோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கோ காட்டிவரக் கூட்டிப்போனால், பெரும்பாலும் டீச் செலவுதான். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வேலை என்றால் விம்கோ நகரில் மெட்ரோ பிடித்து ஒரே வண்டியில் போய் இறங்கலாம், அதற்குத்தான் காசு.

கருவிப் பையில் கைக்கட்டு வகை டிஜிட்டல் ரத்த அழுத்தமானி, சர்க்கரை பார்க்கும் மீட்டர், ஆக்சிமீட்டர், வெப்பமானி, எடைக் கருவி, மேல்கையின் நடுச் சுற்றளவு பார்க்கும் நாடா. ரத்த அழுத்தமானியில் மலிவைத் தேடாதீர்கள். பெரிய கைக்கட்டு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். வலை இழுத்துப் பருத்த கைக்கு நடுத்தர அளவு போட்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்; இல்லாத நோய்க்கு ஒரு மனிதர் பயப்படுவார். சர்க்கரைப் பட்டை டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுத வேண்டும். கடற்காற்று ஈரத்தில் பட்டை சீக்கிரம் கெடும். குத்திய ஊசிமுனைகளை 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி துளைபடாத வெள்ளைப் பெட்டியில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போட்டால், அது குத்தப்போவது அடுத்த தெருவில் துப்புரவு செய்யும் பெண்ணின் கையில்.

பாடத்தில் இந்த ஊருக்கென்று சேர்க்க வேண்டியவை

எந்தப் பாடநூலிலும் சர்க்கரை, அழுத்தம், கர்ப்பிணி கவனிப்பு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் எல்லாம் இருக்கும். எண்ணூருக்கு அது பாதிப் பாடம். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி பக்கமிருந்து எண்ணெய் அடித்து வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. நெட்டுக்குப்பத்தின் படகும் வலையும் கறுத்தன. சுத்தம் செய்ய இறங்கியவர்களில் பலர் வெறுங்கையோடு நின்றார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூக்கத்திலிருந்த மக்கள் மூச்சுத்திணறி வீதிக்கு ஓடினார்கள்.

ஆகவே 24 நாளில் மூன்று நாளை இதற்கு ஒதுக்குங்கள். அமோனியா தண்ணீரில் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று அடிக்கும் போக்கோடு ஓடாமல் அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். கண்ணில் எரிச்சல் இருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். யார் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள், யாருக்கு ஆஸ்துமா, எந்த வீட்டில் கைக்குழந்தை என்ற பட்டியல் பணியாளரின் பதிவேட்டில் இருந்தால், அந்த இரவில் எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 108க்கு எந்த அடையாளம் சொல்லி வண்டியை எங்கே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். இந்த மூன்று நாளுக்கான கூடுதல் செலவு கையுறை, துணி, தண்ணீர், ஒரு பயிற்றுநர். அவ்வளவுதான்.

ஊர் மக்களே மாசைக் கவனித்துப் பதிவு செய்வதற்கு முன்னோடியும் உண்டு. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தவர்கள் 2004 முதல் வாசனையை வைத்தே எந்த ஆலை என்று குறித்து நாட்குறிப்பு எழுதினார்கள். எளிய பிளாஸ்டிக் வாளிக் கருவியில் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சுகாதாரப் பணியாளரின் பதிவேட்டில் தேதி, நேரம், வாசனை, இருமல், கண் எரிச்சல் என்று ஐந்து கட்டம் கூடுதலாகப் போட ஒரு பைசா செலவில்லை. பிற்பாடு பசுமைத் தீர்ப்பாயத்தில் பேச்சு வந்தால், எழுதி வைத்தவர்களின் பேச்சுக்கு எடை இருக்கும்.

யாரிடம் கேட்பது

இங்கேதான் சங்கடம். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எண்ணூரைச் சுற்றி அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டேகால் லட்சம் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் புகை விடுகிறவர் காசில் பயின்ற பெண், புகையால் வந்த இருமலைப் பதிவேட்டில் எழுதுவாரா?

வாங்கவே கூடாது என்று சொல்ல நான் தயாரில்லை. அது நம் ஆறு, நம் காற்று, வர வேண்டிய பணமும் நமக்கு வர வேண்டியதுதான். ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று வரி இருக்க வேண்டும். பதிவேடு ஊருக்குச் சொந்தம், நிறுவனத்துக்குப் போகாது. பாடத்திட்டத்தை நிறுவனம் மாற்றச் சொல்ல முடியாது. பணியாளரின் சீருடையிலும் பையிலும் நிறுவனத்தின் பெயர் இருக்காது. மூன்றாவதில்தான் அவர்கள் முகம் சுளிப்பார்கள். அதையும் விட்டுக்கொடுத்தால், கசிவு நடந்த மறுநாள் அந்தப் பையோடு தெருவில் நடக்கப்போவது நம் பெண் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை ஒன்று: 2021 ஏப்ரல் முதல் இந்த நிதியை வாங்கும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவம் மூலம் பதிவு செய்திருக்க வேண்டும். வருமானவரிப் பிரிவுகள் 12ஏ, 80ஜி பதிவும் கேட்பார்கள். மகளிர் குழுவிடம் இவை இருக்காது. ஏற்கெனவே பதிவுள்ள ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்துதான் வாங்க முடியும். அவர்கள் நிர்வாகச் செலவென்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி வாங்குங்கள்.

சிறு சிறு வரவுகளும் உண்டு. காசநோயாளி சிகிச்சையை முடிக்கத் துணைநின்றவருக்கு அரசு 1,000 ரூபாய் தருகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் 5,000. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசினால் பயிற்றுநராகச் செவிலியரை அனுப்பச் சம்மதிக்கலாம். பயிற்றுநருக்குப் போட்ட 36,000 ரூபாய் அப்போது பாதியாகும். அங்குள்ள மருத்துவர் முதல் நாளே வந்து முகம் காட்டினால் பணமாக மதிப்பிட முடியாத இன்னொன்று கிடைக்கும். பின்னாளில் நம் பணியாளர் எழுதிக்கொடுக்கும் துண்டுச்சீட்டோடு நோயாளி போனால் அங்கே அதை மதிப்பார்கள். நம் ஊரில் சான்றிதழைவிட அந்தத் துண்டுச்சீட்டுக்குத்தான் வேலை அதிகம்.

பயிற்சி முடிந்த பின்

பத்துப் பேரில் ஓராண்டு கழித்து ஏழு பேர் களத்தில் இருந்தால் அது நல்ல விளைச்சல். அப்போது 2,23,660 ரூபாயைப் பத்தால் வகுக்கக் கூடாது, ஏழால் வகுக்க வேண்டும்: ஒருவருக்கு ஏறத்தாழ 31,950. நிதி தருபவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கையை எழுதுவது வழக்கம். நீங்கள் இந்த எண்ணையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு உங்களை நம்புவார்கள்.

அந்த ஏழு பேரை ஓராண்டு நடத்த ஆகும் செலவைப் பாருங்கள். அரசுத் திட்டம் தொடங்கியபோது தந்த 4,500 ரூபாயையே மாதந்தோறும் நாமும் கொடுத்தால் 3,78,000. ஆளுக்கு மாதம் 40 சர்க்கரைப் பட்டை, ஒன்று 15 ரூபாய் என்றால் 50,400. மாதம் ஒரு நாள் மறுபயிற்சிக்குப் பயிற்றுநரும் சாப்பாடுமாக 29,520. கைப்பேசி ரீசார்ஜ் மாதம் 200 வீதம் 16,800. மொத்தம் 4,74,720, பயிற்சிச் செலவைப் போல இரு மடங்குக்கும் மேல். இந்தப் பணத்துக்கு வழி தெரியாமல் பயிற்சியை மட்டும் நடத்தினால், சட்டம் போட்ட சான்றிதழ் பத்துச் சுவர்களில் தொங்கும். பணம் குறைவாக இருந்தால் பத்துப் பேரை நான்காகக் குறையுங்கள். மறுபயிற்சியை மட்டும் குறைக்காதீர்கள்.

இது வீண் செலவா என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு கணக்கு இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் மருத்துவர்களின் அமைப்பு 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைக் கவனிப்பைக் கற்றுக்கொடுத்தது. 1999இல் லான்செட் இதழில் வந்த முடிவுப்படி, ஒப்பிட்ட கிராமங்களைவிடப் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. ஒரு குழந்தைக்கு ஆன செலவு 5.3 டாலர். அவர்கள் ஒரு சான்றிதழுக்கு எவ்வளவு என்று வகுக்கவில்லை. கவனிக்கப்பட்ட குழந்தைக்கு எவ்வளவு என்று வகுத்தார்கள். நீங்களும் ஆண்டு முடிவில் மொத்தச் செலவை, பணியாளர்கள் பார்த்த வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

சான்றிதழைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி. ஆஷாக்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகச் சான்றளிக்க ஏற்பாடு செய்தபோது, முதலில் பயிற்சி நடக்கும் இடத்துக்கும் பயிற்றுநருக்கும் அங்கீகாரம் வாங்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் ஆஷாக்கள் தேர்வு எழுதினார்கள். ஆகவே குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் நடத்தும் பயிற்சிக்கு வெளிச் சான்றிதழ் வேண்டுமென்றால், கூடம் தேர்வு மையமாக ஏற்கப்படுமா, இல்லையென்றால் வேறெங்கே போய் எழுத வேண்டும் என்று பயிற்சி தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

மற்றொன்று பெயர். ஆதாரில் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி என்று நம் பெண்களுக்கு மூன்று பெயர் இருக்கும்; இனிஷியல் ஒன்றில் அப்பாவுடையது, இன்னொன்றில் வீட்டுக்காரருடையது. தேர்வுக்குப் பதிவு செய்யும்போது ஆதாரில் உள்ளபடிதான் ஏறும். அச்சான சான்றிதழில் திருத்தம் வாங்கப் பல மாதம் ஆகலாம். முதல் வாரத்திலேயே ஒரு நாள் மாலை பத்துப் பேரின் தாள்களையும் ஒன்றாக விரித்துவைத்துச் சரிபாருங்கள்; மாற்ற வேண்டியதை இ-சேவை மையத்தில் அந்த மாதமே மாற்றிவிடுங்கள். அந்தக் கட்டணத்தை மேலே 'பதிவேடு, படத்தாள், நகல்' வரியிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.